கையெழுத்துக்கு முன்னால்: சிகிச்சை ஒப்புதலும் மருத்துவ அலட்சிய வழக்குகளும்

1995 மே மாதம். டெல்லியில் 44 வயதான, மணமாகாத பெண் ஒருவர், நிற்காத உதிரப்போக்குக்காக மகப்பேறு மருத்துவரிடம் போனார். ஸ்கேன் எடுத்துப் பார்த்த மருத்துவர், லேப்பராஸ்கோப்பி செய்தால்தான் காரணம் தெரியும் என்றார். மறுநாள் அதற்கான படிவத்தில் அந்தப் பெண் கையெழுத்திட்டார். தேவைப்பட்டால் வயிற்றைத் திறக்க நேரலாம் என்றும் படிவத்தில் இருந்தது. மயக்க மருந்தில் அவர் நினைவின்றிக் கிடந்தபோது உதவி மருத்துவர் வெளியே வந்து, காத்திருந்த தாயிடம் இன்னொரு ஒப்புதலை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அந்தப் பெண் கண் விழித்தபோது அவருடைய கர்ப்பப்பை, சினைப்பைகள், கருக்குழாய்கள் எல்லாம் நீக்கப்பட்டிருந்தன.

அறுவையில் கைத்தவறு ஏதும் இல்லை. அவருக்கிருந்த எண்டோமெட்ரியோசிஸ் நோய்க்கு மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட சிகிச்சைகளில் அதுவும் ஒன்று. தேசிய நுகர்வோர் ஆணையம் 2003-ல் புகாரைத் தள்ளுபடி செய்தது. ஆனால் 2008 ஜனவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் புரட்டியது. நோயாளியின் ஒப்புதல் இல்லாமல் செய்த அறுவை சேவைக் குறைபாடு. தாயின் கையெழுத்து மகளின் ஒப்புதல் ஆகாது. அறுவைக்கான கட்டணத்தை மருத்துவர் கேட்க முடியாது. 25,000 ரூபாய் இழப்பீடும் தர வேண்டும். இதுவே சமீரா கோலி எதிர் டாக்டர் பிரபா மன்சந்தா வழக்கு. இந்தியாவில் சிகிச்சை ஒப்புதல் பற்றிய எந்த விவாதமும் இந்தத் தீர்ப்பைத் தாண்டிப் போக முடியாது.

மருத்துவ அலட்சியம் என்றால் வயிற்றுக்குள் பஞ்சை விட்டுவிட்டது, தவறான ஊசி போட்டது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். கை தவறாத இடத்திலும் வாய் தவறலாம் என்பதைச் சட்டம் மெல்ல மெல்லத்தான் கண்டுகொண்டது. அந்தப் பாதையையும், இந்தியா அதில் எங்கே நிற்கிறது என்பதையும் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். யாருடைய ஒப்புதல் வேண்டும் என்ற கேள்விக்கு நம் நீதிமன்றங்கள் தெளிவாகப் பதில் சொல்லிவிட்டன. எவ்வளவு சொல்லிவிட்டு அந்த ஒப்புதலைப் பெற வேண்டும் என்ற கேள்விக்கான பதிலை மட்டும் மருத்துவத் துறையிடமே விட்டுவிட்டன. மருத்துவமனை நடைமுறையோ முதல் கேள்விக்கான பதிலைக்கூட இன்னும் எட்டவில்லை.

இருவகைப் புகார்கள்

ஒப்புதலை வைத்து எழும் புகார்கள் இரண்டு வகை. ஒப்புதல் வாங்காமலேயே உடலைத் தொட்டார்கள் என்பது ஒன்று. இது உடல்மீதான அத்துமீறல். இதில் பெரிய காயத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. அனுமதியின்றித் தொட்டதே குற்றச்சாட்டு. ஒப்புதல் வாங்கினார்கள், ஆனால் தெரிந்துகொள்ள வேண்டியதைச் சொல்லாமல் வாங்கினார்கள் என்பது இரண்டாவது. இது கவனக்குறைவு. இங்கே நோயாளி மூன்றை நிரூபித்தாக வேண்டும்: சொல்ல வேண்டிய கடமை இருந்தது, சொல்லவில்லை, சொல்லாததால் பாதிப்பு வந்தது. வழக்கு தோற்பது பெரும்பாலும் மூன்றாவதில்தான்.

முதல் வகை பழையது. 1767-ல் லண்டனில் ஸ்லேட்டர் என்பவரின் வழக்கு நடந்தது. முறிந்து கூடிக்கொண்டிருந்த அவரது கால் எலும்பை மருத்துவர்கள் மறுபடி உடைத்து, காலை இழுத்துப் பிடிக்கும் ஒரு கருவியைப் பொருத்தினார்கள். அவர் வேண்டாம் என்று கத்தியும் விடவில்லை. நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அதற்குச் சொன்ன காரணம்தான் கவனிக்கத்தக்கது: நோயாளியிடம் கேட்டுவிட்டுச் செய்வது அறுவை மருத்துவர்களின் வழக்கம், அந்த வழக்கத்தை இவர்கள் மீறினார்கள். நோயாளியின் உரிமையைக்கூட மருத்துவரின் வழக்கத்திலிருந்தே வருவித்தார்கள். இந்தப் பார்வை இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

அமெரிக்காவில் 1905-ல் மின்னசோட்டா நீதிமன்றத்துக்கு வந்த வழக்கில், வலது காதுக்கு ஒப்புதல் கொடுத்த பெண்ணுக்கு மயக்கத்தில் இருக்கும்போது இடது காதில் அறுவை செய்திருந்தார்கள். அந்தக் காதுதான் மோசமாக இருந்தது, அறுவையும் நன்றாகவே நடந்தது. ஆனாலும் அது அத்துமீறல் என்றது நீதிமன்றம். 1914-ல் நியூயார்க்கில் ஷ்லோன்டார்ஃப் வழக்கு வந்தது. மயக்கத்தில் வைத்துப் பரிசோதிக்க மட்டுமே சம்மதித்து, அறுவை வேண்டாம் என்று சொன்ன பெண்ணின் கட்டியை அகற்றிவிட்டார்கள். வயதும் தெளிந்த மனமும் உள்ள எவருக்கும் தன் உடலுக்கு என்ன செய்யலாம் என்று முடிவெடுக்கும் உரிமை உண்டு என்று நீதிபதி பெஞ்சமின் கார்டோசோ அங்கே எழுதியதை உலகெங்கும் இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். அந்தப் பெண் வழக்கில் தோற்றார் என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. அறக்கட்டளை மருத்துவமனைக்குப் பொறுப்பில்லை என்று அன்றைய சட்டம் காத்துக்கொண்டது. கொள்கை நோயாளி பக்கமும் தீர்ப்பு மருத்துவமனை பக்கமும் போவது இந்தத் துறையில் பிறகும் அடிக்கடி நேர்ந்தது.

இரண்டாவது வகை இருபதாம் நூற்றாண்டின் நடுவில் உருவானது. 1957-ல் கலிஃபோர்னியாவில் சால்கோ வழக்கு. பெருந்தமனியில் சாயம் ஏற்றி எடுக்கும் எக்ஸ்ரே சோதனைக்குப் பிறகு ஒருவரின் கால்கள் செயலிழந்தன. அப்படி ஓர் அபாயம் இருப்பதை யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. தகவலறிந்த ஒப்புதல் என்ற சொற்கோவை சட்டத்துக்குள் வந்தது இந்தத் தீர்ப்பில்தான். சம்மதித்தாரா என்ற கேள்வி, எதைத் தெரிந்துகொண்டு சம்மதித்தார் என்ற கேள்வியாக மாறியது.

அளவுகோல் யார் கையில்?

எல்லா மருந்துக்கும் எல்லா அறுவைக்கும் நூறு அபாயங்கள் உண்டு. அனைத்தையும் ஒப்பித்தால் நோயாளி ஓடிவிடுவார். எதையும் சொல்லாவிட்டால் ஒப்புதலுக்குப் பொருளில்லை. எங்கே கோடு போடுவது, அந்தக் கோட்டைப் போடுவது யார்? கடந்த எழுபது ஆண்டு வழக்குகளின் சாரம் இந்த ஒரு சண்டைதான்.

சால்கோ தீர்ப்பு வந்த அதே 1957-ல் இங்கிலாந்தில் போலம் வழக்கு முடிந்தது. மனச்சோர்வுக்காக மின் அதிர்ச்சி சிகிச்சை பெற்ற ஒருவருக்குத் தசை தளர்த்தும் மருந்து கொடுக்கவில்லை. எலும்பு முறியும் ஆபத்து உண்டு என்று எச்சரிக்கவும் இல்லை. வலிப்பின் வேகத்தில் அவருடைய இடுப்பெலும்பு முறிந்தது. துறையில் தேர்ந்த மருத்துவர்களில் ஒரு பொறுப்பான சாரார் ஏற்கும் முறைப்படி நடந்திருந்தால் அது கவனக்குறைவு ஆகாது என்று நீதிபதி ஜூரிக்கு விளக்கினார். போலம் தோற்றார். கத்தியைப் பிடிக்கும் முறைக்கும் நோயாளியிடம் பேசும் முறைக்கும் ஒரே அளவுகோல் என்றாகிவிட்டது. அந்தக் காலத்து மருத்துவர்கள் பேசாமல் இருப்பதே வழக்கம் என்றால், பேசாமல் இருந்ததில் தவறில்லை. (தசை தளர்த்தியும் மயக்க மருந்தும் இல்லாத மின் அதிர்ச்சி சிகிச்சையை இந்தியாவின் மனநலச் சட்டம் 2017-ல் தடைசெய்துவிட்டது. போலத்துக்கு நேர்ந்தது இன்று இங்கே சட்டவிரோதம். அந்த வழக்கு தந்த அளவுகோல் மட்டும் இன்னும் நம்மிடம் இருக்கிறது.)

1972-ல் வாஷிங்டனில் வந்த கேன்டர்பரி தீர்ப்பு இதைத் தலைகீழாக்கியது. முதுகுத்தண்டு அறுவைக்குப் போன 19 வயது இளைஞர் உடல் செயலிழப்புக்கு ஆளானார். ஒரு சதவீத அபாயம் என்பதால் மருத்துவர் முன்கூட்டிச் சொல்லவில்லை. சகமருத்துவர் என்ன சொல்லியிருப்பார் என்பது கணக்கல்ல. நோயாளியின் நிலையில் இருக்கும் விவேகமுள்ள ஒருவர் முடிவெடுக்க எதைத் தெரிந்துகொள்ள விரும்புவாரோ அதைச் சொல்ல வேண்டும் என்றது நீதிமன்றம். அபாயத்தின் விகிதம் மட்டுமின்றி அதன் தன்மையும் எடையில் சேர்ந்தது. ஒரு சதவீதத் தலைவலியும் ஒரு சதவீத உடல் செயலிழப்பும் ஒன்றல்லவே.

1992-ல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் ரோஜர்ஸ் எதிர் விட்டேக்கர் வழக்கில் இன்னும் ஓர் அடி முன்னே போனது. சிறுவயதிலேயே வலது கண்ணில் பார்வை பெரும்பாலும் போய்விட்ட ஒரு பெண், அந்தக் கண்ணைச் சீராக்க அறுவைக்குப் போனார். நல்ல கண்ணுக்கு ஏதும் ஆகிவிடக் கூடாதே என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். தவறிப்போய் அந்தக் கண்ணில் கைவைத்துவிடாமல் இருக்க அதை மூடி வைக்க முடியுமா என்றுகூடக் கேட்டார். ஒரு கண்ணின் காயம் மறுகண்ணின் அழற்சியாக மாறும் அபாயம் 14,000-ல் ஒன்று. அதை மருத்துவர் சொல்லவில்லை. அதுவே நடந்தது, அவர் ஏறக்குறைய முழுப் பார்வையையும் இழந்தார். 14,000-ல் ஒன்று என்பது புள்ளியியலுக்கு அற்பம். ஒற்றைக் கண்ணோடு வாழும் ஒருவருக்கு அது அற்பமில்லை, அவர் கேட்டுக்கொண்டே இருந்தது அதைத்தான் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சராசரி நோயாளியைத் தாண்டி, எதிரே உட்கார்ந்திருக்கும் இந்த நோயாளிக்கு எது முக்கியம் என்ற கேள்வி இங்கே சட்டமானது.

போலத்தின் பிறப்பிடமான பிரிட்டன் 1985-ல் சிடாவே வழக்கில் பழைய நிலையை ஏறத்தாழக் காத்துக்கொண்டது. 2015-ல்தான் மாண்ட்கோமரி எதிர் லனார்க்‌ஷயர் வழக்கில் அதை விட்டது. நீரிழிவு உள்ள, உயரம் குறைந்த ஒரு தாய், குழந்தை பெரிது. இத்தகைய பிரசவத்தில் குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு 9 முதல் 10 சதவீதம். சொன்னால் இப்படிப்பட்ட தாய்மார்கள் எல்லோரும் சிசேரியன் கேட்பார்கள் என்பதால் தான் சொல்வதில்லை என்று மருத்துவரே சாட்சியம் அளித்தார். தோள் சிக்கியது, 1999-ல் பிறந்த அந்தக் குழந்தைக்கு மூளை முடக்குவாதம். ஸ்காட்லாந்து நீதிமன்றங்களில் தோற்ற தாய்க்கு உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் ஆதரவாகத் தீர்ப்பளித்தார்கள். இழப்பீடு 52.5 லட்சம் பவுண்டு. சொன்னால் கேட்டுவிடுவார்கள் என்ற அந்தச் சாட்சியமே, சொல்ல வேண்டிய விஷயம் அது என்பதற்குச் சான்றாகிவிட்டது.

இதிலும் ஒரு வரம்பு உண்டு. மாற்றுச் சிகிச்சைகளில் எவையெல்லாம் நோயாளி முன் வைக்கத் தகுந்தவை என்பதை மருத்துவ அறிவே தீர்மானிக்கும் என்று அதே பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் 2023-ல் மெக்கல்லக் வழக்கில் தெளிவுபடுத்தியது. தகுந்தவை என்று ஆனபின் அவற்றையும் அவற்றின் அபாயங்களையும் மறைக்க முடியாது.

இந்தியா எடுத்த வழி

இந்தியாவில் இந்தக் கேள்வி மன்றம் ஏறியதற்கு நுகர்வோர் சட்டம் ஒரு காரணம். மருத்துவம் நுகர்வோர் சட்டத்தின் கீழ் வருமா என்பதில் நீதிமன்றங்கள் முரண்பட்டன. சென்னை உயர் நீதிமன்றம் 1994-ல் நோயைக் கண்டறிவதும் சிகிச்சை அளிப்பதும் வராது என்றது. அடுத்த ஆண்டே இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, கட்டணம் பெறும் மருத்துவச் சேவையை உள்ளே கொண்டுவந்தது. சமீரா கோலி புகாரும் அந்த வழியாகத்தான் வந்தது.

நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் எழுதிய அந்தத் தீர்ப்பு சில விதிகளை வகுத்தது. ஒப்புதல் தருபவருக்குத் தகுதி இருக்க வேண்டும், அது வற்புறுத்தலின்றி வர வேண்டும், போதிய தகவலின் மேல் நிற்க வேண்டும். போதிய தகவல் என்றால் சிகிச்சையின் தன்மை, நோக்கம், பலன், மாற்று வழிகள், கணிசமான அபாயங்கள், சிகிச்சையை மறுத்தால் என்ன ஆகும் என்பவை. நோயறியும் சோதனைக்குக் கொடுத்த ஒப்புதலைச் சிகிச்சைக்கான ஒப்புதலாக நீட்ட முடியாது. வேறொரு அறுவை தேவைப்படலாம் என்று தெரிந்தால் அதற்கும் முன்பே சேர்த்துக் கேட்டுக்கொள்ளலாம். உயிரையோ உடல்நலத்தையோ காக்க உடனே செய்தாக வேண்டும், நோயாளி விழிக்கும்வரை காத்திருப்பது நியாயமில்லை என்றால் மட்டுமே விலக்கு.

இதுவரை நோயாளி பக்கம். எவ்வளவு சொல்ல வேண்டும் என்ற இடத்தில் தீர்ப்பு திரும்புகிறது. கேன்டர்பரி அளவுகோலை அது ஏற்கவில்லை. தொலைதூர அபாயங்களைச் சொல்லத் தேவையில்லை. தேர்ந்த மருத்துவர்களின் ஒரு சாரார் முறையானது என்று கருதும் அளவுக்குச் சொன்னால் போதும் என்றது. நம் நோயாளிகளில் பெரும்பாலோர் ஏழைகள், எழுத்தறிவு குறைந்தவர்கள். மருத்துவரை முழுதாக நம்பி வருபவர்கள். அதிகம் சொன்னால் பயந்து தேவையான சிகிச்சையையே கைவிட்டுவிடலாம். செலவும் கூடும் என்பது நீதிமன்றத்தின் கவலை.

இந்தக் கவலை பொய்யானதல்ல. வரிசையில் இருநூறு பேர் நிற்கும் அரசு மருத்துவமனையில் ஒவ்வொருவரோடும் அரைமணி நேரம் பேச முடியாது. ஆனால் படிக்காதவருக்குக் குறைவாகச் சொன்னால் போதும் என்ற முடிவு அந்தக் கவலையிலிருந்து தானாக வந்துவிடாது. படிக்காதவருக்கு எளிய மொழியில் சொல்ல வேண்டும், அதற்கு ஆளும் நேரமும் ஒதுக்க வேண்டும் என்ற முடிவும் அதே கவலையிலிருந்து வந்திருக்கலாம். கைபேசியில் தன் நோயின் பெயரைத் தேடிப் படித்துவிட்டு வரும் இன்றைய நோயாளிக்கும், மயக்கத்திலேயே கருப்பையை இழந்த அந்தப் பெண்ணுக்கும் ஒரே அளவுகோல் பொருந்துமா என்ற கேள்வியும் உண்டு. அவருக்கு நேர்ந்தது படிப்பறிவு இல்லாததால் அல்ல. அவரிடம் கேட்காமல் விட்டதால் நடந்தது.

அதன்பின் உச்ச நீதிமன்றம் இடம் மாறிக்கொண்டிருக்கிறது. 2019-ல் அருண்குமார் மாங்லிக் வழக்கில், போலம் அளவுகோல் காலத்தோடு வளர வேண்டும், நோயாளியை மையமாக வைத்த அணுகுமுறை வேண்டும் என்றது. ஆயினும் மூன்று நீதிபதிகளின் சமீரா கோலி தீர்ப்பு இன்னும் நீக்கப்படவில்லை. நுகர்வோர் மன்றங்கள் இன்றும் அதையே அளவுகோலாக எடுக்கின்றன.

தகவல் தரும் கடமை அறுவைப் படிவத்தோடு முடிவதில்லை என்பதற்குத் தமிழ்நாட்டிலிருந்தே ஒரு வழக்கு இருக்கிறது. 1996 ஆகஸ்டில் சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் 29-வது வாரத்திலேயே, 1,250 கிராம் எடையோடு ஒரு பெண் குழந்தை பிறந்தது. குறைமாதக் குழந்தைகளுக்கு விழித்திரை பாதிக்கப்படும் நோய் வரக்கூடும். முதல் சில வாரங்களில் கண்ணைச் சோதித்தால் காப்பாற்றலாம். சோதிக்கவும் இல்லை, சோதிக்க வேண்டும் என்று பெற்றோருக்குச் சொல்லவும் இல்லை. தெரியவந்தபோது காலம் கடந்திருந்தது. 2015-ல் வி. கிருஷ்ணகுமார் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில், தேசிய ஆணையம் கொடுத்த 5 லட்சத்தை உச்ச நீதிமன்றம் சுமார் 1.8 கோடி ரூபாயாக உயர்த்தியது. இதே நோய், இதே போன்ற மௌனம் பற்றி 2019-ல் டெல்லிக் குழந்தை ஒன்றின் வழக்கில் 76 லட்சம் ரூபாய் விதிக்கப்பட்டது. டிஸ்சார்ஜ் செய்யும்போது சொல்லாமல் விட்ட ஒரு வாக்கியம், தவறாகப் போட்ட தையலைவிடப் பெரிய சேதத்தைச் செய்யலாம்.

சொல்லியிருந்தால்?

இந்த இரண்டு குழந்தைகளின் வழக்கையும் சமீரா கோலி வழக்கையும் அருகருகே வைத்தால் இழப்பீட்டின் ஏணி தெரியும். கண் போன இடத்தில் கோடிகளும் லட்சங்களும். நோய்க்கு ஏற்ற சிகிச்சையே ஆனாலும் கேட்காமல் செய்த இடத்தில் 25,000. முடிவெடுக்கும் உரிமையைப் பறித்ததற்கென்று தனியாக நம் சட்டம் போடும் விலை அவ்வளவுதான்.

காரணத் தொடர்பு என்ற சுவர் இதற்குப் பின்னால் நிற்கிறது. சொல்லியிருந்தால் நோயாளி மறுத்திருப்பாரா? பாதிப்பு வந்தபின் எவரும் மறுத்திருப்பேன் என்றுதான் சொல்வார். மருத்துவர் எவரும் சம்மதித்திருப்பீர்கள் என்பார். கேன்டர்பரி வழக்கில் புது அளவுகோலைப் பெற்றுத் தந்த அந்த இளைஞரே, மறுவிசாரணையில் ஜூரி முன் தோற்றுப்போனார். கனடா 1980-ல் ரீபல் எதிர் ஹியூஸ் வழக்கில் நடுவழி ஒன்றைக் கண்டது: இந்த நோயாளியின் சூழ்நிலையில் உள்ள ஒரு நியாயமான மனிதர் என்ன செய்திருப்பார்? கழுத்துத் தமனி அறுவையில் பக்கவாதம் வந்த அந்த நோயாளி ஃபோர்டு ஆலைத் தொழிலாளி; ஓய்வூதியத்துக்குத் தகுதிபெற இன்னும் ஒன்றரை ஆண்டுதான் இருந்தது. அபாயம் தெரிந்திருந்தால் அதுவரை தள்ளிப்போட்டிருப்பார் என்பது நம்பத்தக்கதாக இருந்தது, அவர் வென்றார். பிரிட்டனில் 2004-ல் செஸ்டர் வழக்கில், அறுவையையே மறுத்திருப்பேன் என்று அந்தப் பெண் சொல்லவில்லை. அன்றைக்குச் செய்துகொண்டிருக்க மாட்டேன் என்றார். மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் அதுவும் போதும் என்றானது.

இந்த வழக்குகளைப் படிக்கும் நோயாளிக்கும் வழக்கறிஞருக்கும் ஒரு பாடம் உண்டு. என்ன சொல்லவில்லை என்று காட்டுவது பாதி வேலை. தெரிந்திருந்தால் வேறு முடிவெடுக்க வேலை, வருமானம், குழந்தைகள், இன்னொரு கண் என்று வாழ்க்கையில் என்ன காரணம் இருந்தது என்று காட்டுவது மறுபாதி.

கதவுக்கு வெளியே நிற்பவர்கள்

அறுவை அரங்கின் கதவு திறந்து "பேஷண்ட்டோட அட்டெண்டர் யாரு?" என்று குரல் வருவது நம் மருத்துவமனைகளில் அன்றாடக் காட்சி. படிவம் நோயாளியின் கட்டிலுக்குப் போவதைவிட உறவினரின் கைக்குப் போவதே அதிகம். புற்றுநோய் என்றால் "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர்" என்று மகன் முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறார். மருத்துவரும் மறுப்பதில்லை. பணம் கட்டுவதும், நாளை தகராறு செய்யப்போவதும் மகன்தான்.

குடும்பமாக முடிவெடுப்பது தவறில்லை. பல நோயாளிகள் விரும்புவதே அதுதான். விரும்பினாரா என்று நோயாளியை ஒருவரும் கேட்காததுதான் கோளாறு. நாடு முழுவதும் நடைமுறையில் உள்ள 2002-ஆம் ஆண்டு மருத்துவ நடத்தை விதிகளே இதற்கு இடம் கொடுக்கின்றன. அறுவைக்கு முன் எழுத்தில் ஒப்புதல் பெற வேண்டியவர்களை வரிசைப்படுத்தும் விதி கணவன் அல்லது மனைவி என்று தொடங்கி, சிறாரின் பெற்றோர், காப்பாளர் என்று போய், நோயாளியைக் கடைசியில் வைக்கிறது. மலட்டுத்தன்மை ஏற்படக்கூடிய அறுவைக்குக் கணவன், மனைவி இருவரின் ஒப்புதலும் வேண்டும் என்கிறது. மத்திய அரசின் கருத்தடை வழிகாட்டு நெறிகளோ துணைவரின் ஒப்புதல் தேவையில்லை என்கின்றன. கருக்கலைப்புச் சட்டமும் வயது வந்த பெண்ணின் ஒப்புதல் மட்டுமே போதும் என்கிறது. கணவரின் கையெழுத்தைக் கேட்பதற்கு அதில் ஓர் எழுத்துகூட இடமில்லை. தேசிய மருத்துவ ஆணையம் 2023-ல் கொண்டுவந்த புதிய விதிகள் சில வாரங்களில் நிறுத்திவைக்கப்பட்டதால் பழைய வரிசையே தொடர்கிறது.

ஒருவருக்காக இன்னொருவர் கையெழுத்திடுவது எங்கே கொண்டுபோகும் என்பதற்கு மருத்துவ ஆய்வு வரலாற்றில் கசப்பான சான்று இருக்கிறது. 2009-ல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் பள்ளிச் சிறுமிகளுக்கு கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்ட திட்டத்தில், பல சிறுமிகளுக்குப் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களே படிவத்தில் கையெழுத்திட்டிருந்தார்கள். 2013-ல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது. நோயாளியே கையெழுத்திட்டாலும், யோசிக்க நேரம் தராவிட்டால் அதுவும் வெறும் சடங்கு. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூரில் ஒரே முகாமில் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்குக் கருத்தடை அறுவை செய்ததில் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் 2016-ல் உச்ச நீதிமன்றம், கருத்தடைக்கு முன் விவரங்களை அந்தந்த வட்டார மொழியில் விளக்க வேண்டும், விளக்கியபின் யோசித்து மனம் மாற விரும்பினால் மாறிக்கொள்ள ஏறத்தாழ ஒரு மணி நேர அவகாசம் தர வேண்டும் என்றது.

பெற்றோரின் ஒப்புதலுக்கும் எல்லை உண்டு என்பதைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019-ல் சொன்னது. இடைப்பால் உடலமைப்போடு பிறக்கும் குழந்தைகளுக்கு ஆண் அல்லது பெண் என்று ஆக்கும் அறுவைகள் பற்றிய பேச்சில், பெற்றோர் கொடுக்கும் ஒப்புதலைக் குழந்தையின் ஒப்புதலாகக் கொள்ள முடியாது என்று நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். உயிருக்கு ஆபத்தான நிலை தவிர மற்ற வேளைகளில் இத்தகைய அறுவைகளைத் தமிழ்நாடு அரசு அதே ஆண்டு தடைசெய்தது. சமீரா கோலியின் தாய்க்குப் பொருந்திய கொள்கை, பேசத் தெரியாத குழந்தையின் பெற்றோருக்கும் ஓரளவு பொருந்தியது.

அவசரமும் மறுப்பும்

விபத்தில் நினைவிழந்து வருபவரிடம் ஒப்புதலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 30-வது பிரிவு, ஒப்புதல் பெற முடியாத நிலையில் நோயாளியின் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்வதைக் காக்கிறது. சட்ட நடைமுறைகளைக் காரணம் காட்டி அவசர சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது என்பதைப் பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989-லேயே உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

ஒப்புதல் கிடைக்கவில்லை என்பதையே மருத்துவர் சாக்காகச் சொன்ன வழக்கும் உண்டு. கேரளத்தில் குடல்வால் அழற்சியோடு சேர்க்கப்பட்ட ஒருவர் அறுவை செய்யப்படாமலே இறந்தார். நோயாளி சம்மதிக்கவில்லை என்றார் மருத்துவர். அப்படியானால் மறுத்தார் என்று நிரூபிக்க வேண்டியவர் நீங்கள்தான் என்று டி.டி. தாமஸ் எதிர் எலிசா வழக்கில் கேரள உயர் நீதிமன்றம் சொல்லி, அவரைப் பொறுப்பாக்கியது. மறுப்பும் ஒப்புதலைப் போலவே விளக்கம் கேட்டபின் வர வேண்டும், பதிவாக வேண்டும்.

படிவம் எதற்குச் சான்று?

மருத்துவர்கள் படிவத்தைக் கேடயமாகவும் நோயாளிகள் அதைத் தங்கள் உரிமையை எழுதிக்கொடுத்த பத்திரமாகவும் நினைக்கிறார்கள். இரண்டும் மிகை. கவனக்குறைவால் விளையும் சேதத்துக்கு நோயாளி முன்கூட்டி மன்னிப்பு எழுதிக்கொடுக்க முடியாது. அப்படி அச்சிட்டிருந்தாலும் அந்த வரி மருத்துவரைக் காக்காது. படிவத்தின் சொற்களைத் தாண்டியும் நீதிமன்றம் அதை நீட்டாது. வயிற்றைத் திறக்க நேரலாம் என்ற வரியைக் கர்ப்பப்பையை எடுக்க அனுமதி என்று படிக்க சமீரா கோலி தீர்ப்பு மறுத்ததை நினைவில் கொள்ளலாம்.

அதேசமயம் நேர்மையாக நிரப்பிய படிவம் மருத்துவரை உண்மையாகவே காக்கும். கருத்தடைக்குப் பிறகும் கர்ப்பம் தரித்ததாக வந்த ஷிவ் ராம் வழக்கில் 2005-ல் உச்ச நீதிமன்றம், எந்தக் கருத்தடை முறையும் நூறு சதவீதம் உறுதியானதல்ல, அறுவையில் கவனக்குறைவை நிரூபிக்காமல் தோல்வியை மட்டும் காட்டி இழப்பீடு பெற முடியாது என்றது. அந்தத் தோல்வி வாய்ப்பை முன்பே சொல்லிப் பதிந்து வைத்த மருத்துவருக்கு அதுவே அரண்.

ஆகவே மன்றத்தில் எடை பெறுவது கையெழுத்து மட்டுமல்ல. விளக்கியவர் அறுவை செய்தவரா, வார்டு செவிலியரா? கையெழுத்து வாங்கியது முந்தின நாளா, ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போதா? படிவம் எந்த மொழியில்? வெற்றிடங்கள் நிரப்பப்பட்டது முன்பா, பின்பா? கேஸ் ஷீட்டில் அந்த உரையாடல் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா? இவற்றுக்கான பதில் மருத்துவப் பதிவேட்டில்தான் உண்டு. நோயாளி கேட்ட 72 மணி நேரத்துக்குள் அதைத் தர வேண்டும் என்கின்றன 2002 விதிகள். நுகர்வோர் புகாருக்குக் காலக்கெடு இரண்டு ஆண்டு. பாதிக்கப்பட்டவர் முதலில் செய்ய வேண்டியது சண்டையில்லை, அந்தப் பதிவேட்டைக் கேட்டு வாங்குவது.

இனி என்ன?

ஒப்புதல் சட்டத்தை இறுக்கினால் மருத்துவர்கள் பயந்து தற்காப்பு மருத்துவம் செய்வார்கள், பக்கம் பக்கமாகப் படிவம் அச்சிடுவார்கள், கடினமான நோயாளிகளை வேறெங்காவது அனுப்பிவிடுவார்கள் என்பது மருத்துவர் தரப்பின் வாதம். அதில் உண்மை உண்டு. அச்சிட்ட பக்கங்கள் கூடினால் புரிதல் கூடிவிடாது. அதற்கு மருந்து, படிவத்தின் நீளத்தை விட்டுவிட்டு உரையாடலை அளவுகோலாக்குவது. மாண்ட்கோமரி தீர்ப்பு கேட்பதும் அதைத்தான்: எதிரே இருப்பவருக்கு எது முக்கியம் என்று கேட்டு அறிந்து, அதைப் பற்றிப் பேசு. அதிகம் பேசச் சொல்லவில்லை, பொருத்தமாகப் பேசச் சொல்கிறது.

செய்ய முடிந்தவை இருக்கின்றன. எல்லா அறுவைக்கும் ஒரே படிவம் என்பதை விட்டு, அதிகம் நடக்கும் அறுவைகள் ஒவ்வொன்றுக்கும் அதனதன் அபாயத்தையும் மாற்று வழியையும் எளிய தமிழில் சொல்லும் படிவத்தை அரசே தரலாம். அவசரமில்லாத அறுவையில், கருத்தடைக்கு உச்ச நீதிமன்றம் சொன்ன அவகாசத்தை மற்றவற்றுக்கும் விரிக்கலாம். 2002 விதிகளின் வரிசையில் நோயாளியை முதலில் வைத்து, குடும்பத்தை அவர் விரும்பினால் உடன் வருபவராக்கலாம். 2008-ல் தொழிலின் வழக்கத்திடம் விடப்பட்ட அளவுகோலை உச்ச நீதிமன்றத்தின் பெரிய அமர்வு ஒன்று மறுபடி எடுத்துப் பார்க்கலாம்; அதன் பிந்தைய தீர்ப்புகளே அந்தத் திசையில் நகர்ந்திருக்கின்றன.

இவற்றில் மிகக் குறைந்த செலவில், சட்டத் திருத்தம் எதுவும் இல்லாமல் நாளையே தொடங்கக்கூடியது ஒன்று உண்டு. படிவம் முதலில் கட்டிலில் இருப்பவரிடம் போக வேண்டும். மயக்க மருந்துக்கு முன், அவர் கேள்வி கேட்க நேரம் இருக்கும்போது போக வேண்டும். வெளியே காத்திருப்பவரின் ஒப்புதல் எத்தனை அன்போடு வந்தாலும் அவருடைய இடத்தை நிரப்பாது என்று சட்டம் 2008-லேயே சொல்லிவிட்டது. மருத்துவமனைகள் அதை ஏற்று நடந்தால், இந்த வகை வழக்குகளில் ஒரு பகுதி எழவே எழாது.